சனிக்கிழமை மட்டும் வரும் இரைச்சல்

சாந்தோமில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு வியாதி இருந்தது. அது சனிக்கிழமைகளில் மட்டும் வரும்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர், கோயில் பாடகர் குழுவில் அவள்தான் முதல் குரல். முப்பது தாண்டியும் கல்யாணம் கூடிவரவில்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்து அலுத்துப்போய், இனி யாரையும் வரச் சொல்லாதே என்று அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து அண்ணனும் தங்கையும் அளந்துதான் பேசிக்கொண்டார்கள்.

அந்த வருடம் ஈஸ்டருக்குப் பாட்டுகளைப் பதிவுசெய்து சி.டி. போடுவதென்று கோயிலில் முடிவானது. கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் இருந்ததால் பொறுப்பு அத்தைக்கு வந்தது. மைக்கை இணைக்கும் சிறு பெட்டி ஒன்றை வாங்கி மாட்டிப் பாடினால், பாட்டுக்குப் பின்னால் எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம். அத்தை தன் தொண்டையைச் சந்தேகப்பட்டு மிளகுப் பால் குடித்தாள். கடுகு அடங்கவில்லை.

குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கும் அங்கிளை ராயப்பேட்டையிலிருந்து வரவழைத்தார்கள். ஒல்லியான, கூச்ச சுபாவக்காரர். கம்ப்யூட்டரில் ஒலி அமைப்பைத் திறந்து, இருபத்து நாலு பிட் என்றிருந்ததைப் பதினாறாக்கினார். சத்தம் நின்றது.

"உங்க தொண்டைக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். பெட்டி பதினாறுதான் தாங்கும். அத்த ஓட்டுற சாஃப்ட்வேர், டிரைவர்னு சொல்வாங்க, அது இருபத்து நாலு கேட்டுக்கினு கீது."

அத்தை சிரித்தாள். அவள் வீட்டில் சிரித்து நாளாகியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை மறுபடி கடுகு, மறுபடி அங்கிள். அதற்கடுத்த வாரமும் அதே கதை. வந்ததும் அந்த எண்ணைப் பார்க்கவே மாட்டார். ஒயரைக் கழற்றி மாட்டுவார். டிரைவரை நீக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுவார். ஹெட்போனை அத்தையிடம் நீட்டி, "இப்போ எப்டி கீது?" என்பார். அத்தை வெகுநேரம் கேட்டுவிட்டு, "இன்னும் லேசா இருக்கு" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் நாள் தானே செய்த வைத்தியத்தை ஒரு மனிதர் இப்படியா மறப்பார்?

ஒரு சனிக்கிழமை காலை அத்தையே பதினாறை இருபத்து நாலாக மாற்றுவதைப் பார்த்தேன்.

"அத்த, தப்பா வெக்கிறீங்க."

"அதிகமா வெச்சா நல்லா இருக்குமோன்னு பாத்தேன்டி. நீ போய் விளையாடு."

டீச்சராக இருந்தும் இது விளங்கவில்லையே என்று அவளுக்காக வருத்தப்பட்டேன்.

நேராக அப்பாவிடம் போனேன். அத்தை தெரியாமல் நம்பரை மாற்றுகிறாள், அங்கிளுக்கோ அதைக் கண்டுபிடிக்கத் துப்பில்லை, ஒரு நிமிடத்தில் நானே சரிசெய்துவிடுவேன், இனி அவர் வர வேண்டாம் என்று விளக்கினேன். அப்பா முன்கோபி. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அங்கிள் அப்புறம் எங்கள் படி ஏற முடியாது. பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். அத்தையின் அறைப்பக்கம் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்தார்.

"நீ அதுல கை வெக்காத. அவரே வந்து பாக்கட்டும்" என்றார்.

அன்று அங்கிளைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்காரவைத்தார். அம்மா வஞ்சிரம் வறுத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை தெரிந்தவளுக்கு அதட்டல், தெரியாதவருக்கு மீன்.

ஈஸ்டர் முடிந்த கையோடு, பூசையில் அத்தை பெயரையும் அவர் பெயரையும் சேர்த்துக் கல்யாண ஓலை வாசித்தார்கள். இனி அவரை மாமா என்று கூப்பிட வேண்டும் என்றார்கள். கூப்பிட்டேன். மனிதர் தங்கமானவர்தான், கம்ப்யூட்டரை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள் என்று வகுப்புத் தோழிகள் அத்தனை பேரிடமும் எச்சரித்து வைத்தேன்.