கண் மூடிய கன்னியப்பன்

போன செவ்வாய்க்கிழமை என் கடை வாசலில் ஒரே ஒப்பாரி. யார் செத்தது என்கிறீர்களா? யாருமே சாகவில்லை. அதுதான் வம்பே!

லாங் பஜாரில் நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பது வாரா வாரம் இந்தப் பகுதியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். பிழைப்பு எப்படி நடக்கிறது தெரியுமோ? நம் வேலூரில் உயிரோடிருப்பவன் போட்டோவுக்கு உட்கார மாட்டான் — ஆயுசு குறைந்துவிடுமாம். மூச்சு நின்ற பிறகுதான் என் ஞாபகம் வரும். பிணத்தை நாற்காலியில் சாய்த்து மாலை போட்டு, "சீக்கிரம் புடிங்க, தூக்கணும்" என்பார்கள். பட்டணத்தில் ஒளி, நிழல், கலை என்று படித்துவிட்டு வந்தவனுக்கு ஊர் வைத்த பெயர், பொண போட்டோக்காரர்!

ஒரே ஒரு படம் எனக்காக எடுத்தேன். வாணியம்பாடித் தோல் கிடங்கில் கன்னியப்பன் என்கிற தொழிலாளி, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தோல் கட்டின் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஜன்னல் வெளிச்சம் அவன் முகத்தில்... அடடா! விழித்ததும் விஷயத்தைச் சொன்னேன். "இன்னாவோ பண்ணிக்கோங்க சாமி" என்று சிரித்தான்.

அது பட்டணத்துக் கண்காட்சியில் மெடல் வாங்கியது. பெரிதாக ஒரு பிரதி போட்டுக் கொடு, லண்டனுக்கு அனுப்பலாம் என்றார் அங்கிருந்த துரை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கையிலிருந்த பிரதியைச் சட்டம் போட்டுக் கடை முகப்பில் மாட்டினேன்.

எடுத்தவன் பொண போட்டோக்காரன். படத்தில் கண் மூடியிருக்கிறது. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? எனக்குத்தான் புத்தி எங்கே போயிற்றோ!

ஆலங்காயத்திலிருந்து சாமான் வாங்க வந்த கன்னியப்பனின் தங்கை அதைப் பார்த்துவிட்டாள். தெருவிலேயே விழுந்து புரண்டாள். "ஐயோ எங்கண்ணா! ஒரு வார்த்த சொல்லாம போய்ட்டியே!"

நான் உள்ளேயிருந்து ஓடி வருவதற்குள் எதிர்க்கடைப் பூக்காரர் மனசு இளகி, படத்துக்கு ஒரு சாமந்தி மாலை போட்டுவிட்டார். "உங்கண்ணன் நல்லாத்தாம்மா இருக்கான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் காதில் விழுகிறது?

சேதி கேட்டு மறுநாள் கன்னியப்பனே வந்தான், மனைவியோடு.

"படத்த எறக்கிடுங்க சாமி. உள்ள வெச்சிருக்கிற கண்ணாடியயும் ஒடச்சிடுங்க."

நெகட்டிவ் தகட்டைத்தான் சொன்னான். அது உடைந்தால் பெரிய பிரதி ஏது? லண்டனுக்கு எதை அனுப்புவது?

"அட, காக்கா தலையில தட்டினா, செத்துட்டான்னு பொய்ச் சேதி அனுப்பி ஒறமொறைய அழ வெக்கிறீங்களே! அழுதா தோஷம் போயிடும்னுதானே? இதையும் அப்படி நெனச்சுக்கோப்பா" என்றேன்.

"அழுதா பரவால்ல சாமி. மாலை வுழுந்துடுச்சே..."

அவன் மனைவி தாலியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி படியில் நின்றிருந்தாள். அவளிடம் மெடல், லண்டன் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அந்த ஊர்ல இவர யாருக்குங்க தெரியும்?" என்றாள்.



படத்தை இறக்கினேன். தகட்டைக் கொண்டுவந்து அவர்கள் கண்ணெதிரிலேயே படியில் போட்டு உடைத்தேன். கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் உள்ளே போய் அழுதேன், இதில் வெட்கமென்ன? வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

நேற்றுக் காலை ஒருவர் ஓடி வந்தார். "எங்கப்பா தவறிட்டாருங்க... சீக்கிரம் வாங்க!" கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

செத்தவர்களிடம் ஒரு நல்ல குணம் — மறுநாள் வந்து படத்தை உடைக்கச் சொல்ல மாட்டார்கள்!