தலையணை உறைக்குள் இருந்த சிவப்புத் துண்டு

செய்யாத குற்றத்தை ஒரு பெண்ணின் மீது போட்டு அவள் பிழைப்பைக் கெடுத்தேன். குற்றம் என்னுடையது என்று அன்று மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பல மாதங்கள் வாயைத் திறக்கவில்லை.

நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு மந்தாரக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். மனைவி இறந்த பின் ஒற்றை ஆளுக்கு எதற்கு என்று வாஷிங் மெஷினை மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கடைத்தெருவில் புதிதாக ஒரு சலவைக்கடை திறந்திருந்தார்கள். டோக்கன் வாங்கி, நாமே மெஷினில் துணியைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

யாரும் கேட்காமலே அந்தக் கடைக்கு நான் சட்டாம்பிள்ளை ஆனேன். மெஷின் நின்ற பிறகும் துணியை எடுக்க வராதவர்களைக் கடிந்துகொள்வேன். அடுத்தவர் ஈரத்துணியை வெளியே அள்ளிப்போட்டவனோடு ஒருமுறை சண்டையே போட்டேன். பையை உதறிப் பார், சாயம் போகும் துணியைப் பொது மெஷினில் போடாதே என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் நடத்துவேன். "சார் வந்துட்டாரு, எல்லாரும் ஒழுங்கா நில்லுங்கப்பா" என்பார் கடைக்காரர். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் தினமும் வருவாள். சுற்றுவட்டாரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் சுரங்கக் கான்ட்ராக்ட் பையன்களின் துணிகளை வாங்கிவந்து, துவைத்து மடித்துக் கொடுப்பாள். கணவன் இல்லை, அந்த வரும்படியில்தான் குடும்பம் நடந்தது. நிலக்கரித் தூசு படிந்த துணிகளை வாசலிலேயே உதறிவிட்டுத்தான் உள்ளே கொண்டுவருவாள். அதைப் பார்த்திருக்கிறேன், பாராட்டியதில்லை.

தை மாதம் அது. அம்மன் கோயிலுக்கு மாலை போட்டிருந்ததால் சிவப்புப் புடவையில் இருந்தாள். அவள் துணியை எடுத்துக்கொண்டு நகர்ந்ததும் அதே மெஷினில் நான் போட்டேன். எல்லாம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வீட்டிலிருந்து ஒரு தலையணை உறைக்குள் திணித்துக் கொண்டுவந்திருந்தேன். உறையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, அதையும் உள்ளே எறிந்தேன்.

மெஷின் நின்று கதவைத் திறந்தால் அத்தனையும் ரோஜா நிறம்.

"வேட்டியும் மாலை போட்டுக்கிச்சு போல சார்" என்றான் காத்திருந்த ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. ஓரமாகத் துணி மடித்துக்கொண்டிருந்த அவளிடம் போனேன்.

"ஏம்மா, சாயம் போற புடவையப் பொது மெஷின்ல போடலாமா? அறிவு வேணாம்?"

அவள் பதறி எழுந்தாள். "ஐயோ, சாமிப் பொடவைங்க ஐயா. நாலு பேரு துணி சுத்துற மெஷின்ல அத போடுவனா? வூட்ல தனி பக்கெட்டு வச்சி கையாலதாங்க தொவைச்சிக்கினு இருக்கேன்."

அவள் சொன்னது உண்மை என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். மாலை போட்டவர்கள் விரதத் துணியை மற்றத் துணியோடு கலக்க மாட்டார்கள். இந்த ஊரில் பிழைத்த எவருக்கும் தெரிந்த விஷயம். என் மனைவியும் அப்படித்தான் செய்வாள். ஆனாலும், "அப்ப இது எங்கேருந்து வந்துச்சு? வானத்துலேருந்தா?" என்று கத்தினேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நாளையிலேருந்து வேற எடம் பாத்துக்கம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து துணிகளைக் கொடியில் போட்டேன். கடைசியாகத் தலையணை உறை. உதறும்போது அடியில் ஏதோ கனத்தது. கையை விட்டு இழுத்தேன். சுருண்டு கிடந்த சிவப்புத் துண்டு. முந்தின வாரம் ஓய்வு பெற்றவர்கள் கூட்டத்தில் என் தோளில் போட்ட புதுத் துண்டு, வேட்டி சட்டையோடு சேர்ந்து உறைக்குள் போயிருக்கிறது. கான்ட்ராக்ட் தொழிலாளர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் நான் பேசியும் இருந்தேன். கைதட்டினார்கள்.

துண்டைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டேன். ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவன் செய்தது அவ்வளவுதான்.

பிறகு அவளைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். துணி கொடுத்த பையன்கள் ஒவ்வொருவராக வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். கையால் துவைத்து எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்? ஒருநாள் ஹோட்டல் பின்கட்டில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்போதும் உடனே போய்ச் சொல்லிவிடவில்லை. மழைக்காலமும் வந்து போயிற்று.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டமாக இருந்த நேரம் பார்த்துக் கடைக்குப் போனேன். எல்லார் காதிலும் விழும்படி நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார்.

"விடுங்க சார், பழைய கதை. அந்தம்மா பத்துப் பேரு துணியக் கொண்டாந்து மெஷினப் புடிச்சிக்கினு கெடந்துச்சி. எப்படிச் சொல்றதுன்னு நானே முழிச்சிக்கினு இருந்தேன். நீங்க வழி பண்ணிக் குடுத்தீங்க."

அவளைத் திரும்ப வரவிடச் சொல்லிக் கெஞ்சினேன். உங்களுக்காக வேண்டுமானால் சரி என்றார். அதுவும் எனக்காகத்தான். அவள் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். "மெஷின்ல போட வுடுவாங்களாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது வருகிறாள். இரண்டு மூன்று பையன்கள்தான் திரும்பத் துணி கொடுக்கிறார்கள். அவள் துணியை எடுத்ததும் அடுத்து நிற்பவர் மெஷின் டிரம்முக்குள் கைக்குட்டையால் துடைத்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கிறார். துண்டைப் போட்டவன் நான் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்குப் பின்னால் யாரும் துடைத்துப் பார்ப்பதில்லை.

போன வாரம் அவளுக்கு அடுத்து நான். எல்லாரும் பார்க்கட்டும் என்று டிரம்மைத் துடைத்துப் பார்க்காமல் வெள்ளை வேட்டிகளை அப்படியே உள்ளே போடப் போனேன். அவள் என் கையை மறித்தாள்.

"பாத்துட்டுப் போடுங்க ஐயா. நாளைக்கு எதுனா ஒட்டிச்சின்னா திரும்பவும் நான்தான்."

டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. கையை வெளியே எடுத்து விரித்துக் காட்டும் வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகுதான் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள்.