கடலுக்குப் போன வெளிச்சம்

அப்போது செங்கல்பட்டில், சூரிய வெந்நீர்க் கருவிகள் பொருத்தித் தரும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் ஒரு விடுதியின் மொட்டைமாடியில் நாங்கள் வைத்தது, வளைந்த தகடுகள் கொண்ட மாதிரி. கண்ணாடிபோல் பளபளக்கும் தகடு, வாய்க்கால் மாதிரி வளைந்திருக்கும். நடுவில் கறுப்புக் குழாய். விழுகிற வெயிலைத் தகடு குழாயின்மேல் குவிக்கும். வளைவு சரிதானா என்று பார்க்க, வெயிலுக்கு முதுகு காட்டித் தள்ளி நின்று பார்ப்போம். குழாயின் பிம்பம் விரிந்து தகடு முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தால் சரி. எங்காவது மின்னினால், அந்த வெயில் குழாயில் படாமல் வீணாகிறது என்று பொருள்.

கடற்காற்றில் கிழக்கோரத் தகடு கொஞ்சம் நெளிந்துவிட்டது. காலை வேளையில் அதன் விளிம்பு கடலைப் பார்த்து மின்னும். பராமரிப்புக்குப் போனபோது நிமிர்த்தலாம் என்று ஸ்பேனரை எடுத்தேன். விடுதியில் துணி துவைக்கும் அம்மா கொடியில் விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்தார்.

“அத்த இன்னா சார் பண்ணப் போற? வேணாம் சார். எங்க வூட்டுக்காரரு போட்டுல அத்தப் பாத்துகினேதான் வருவாரு. நான் மேல வேலையா கீறேன்னு அவருக்கு ஒரு தெம்பு.”

வெந்நீருக்குக் குறையில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த அம்மா மாடியில் இல்லை. கணவர் வரும் நேரம் என்று கூடையோடு கரையில் காத்திருந்திருக்கிறார். உடல் மறுநாள்தான் கிடைத்தது.

சில வாரங்கள் கழித்து நான் விடுதிக்குப் போனபோது, கணவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

“ஆழத்துல இருந்தோம் சார், ஒண்ணும் தெரியல. கரைகிட்ட வந்தா ஓலையும் கட்டையுமா மெதந்துகினு கீது. நெஞ்சு பதறிடுச்சு. நிமிந்து பாத்தேன், மாடியில மின்னுது. சரி, அவ மேல கீறான்னுட்டு, தண்ணியில தத்தளிச்சவங்களத் தூக்கிப் போட்டுகினு மெதுவா வந்தேன்.” மாடியை அண்ணாந்து பார்த்தார். “இப்பவும் தெனம் மின்னுது. அவ நிக்கிறா மாதிரியே கீது. நிறுத்திடு சார்.”

தகட்டை நிமிர்த்தினேன். தள்ளி நின்று பார்த்தேன். எங்கும் ஒரு பொட்டு ஒளி இல்லை, முழுக் கறுப்பு. தண்ணீர் முன்னைவிடக் கொதிக்கிறது என்று விடுதிக்காரருக்குச் சந்தோஷம். எனக்கு அந்தக் கறுப்பை அதிகநேரம் பார்க்க முடியவில்லை.

வெயில் காலத்தில் அந்த அம்மாவின் கணவர் பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “இன்னும் மின்னுது சார்.”

போய்ப் பார்த்தேன். தகடு வைத்தது வைத்தபடி இருந்தது. சொன்னால் நம்பவில்லை. “இங்க நின்னு பாத்தா எப்பிடித் தெரியும்? போட்டுக்கு வா” என்றார்.

மறுநாள் காலை கூடப் போனேன். கரை ஒரு கோடாகச் சுருங்கியதும் இன்ஜினை நிறுத்தினார். விடுதியின் வெள்ளைச் சுவர் தெரிந்தது. அதன்மேல் மங்கலான கரிய பட்டை. அவ்வளவுதான்.

“அதோ” என்று கையைப் புருவத்துக்கு மேல் வைத்தார். அவர் கண்கள் கூசிச் சுருங்கின, நீர் வழிந்தது. “தெரியுதா சார்?”

“தெரியுது” என்றேன்.

வெகுநேரம் அவர் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, “சரி, இருந்துட்டுப் போட்டும். இனிமே அத்தத் தொடாத சார்” என்று இன்ஜினைக் கிளப்பினார்.