சூடானால் சுருதி இறங்கும்

சாலைக் கடைத்தெருவில் திருகாணியும் போல்ட்டும் நிறுத்து விற்கும் கடையில் நேசையனுக்கு வேலை. எந்த ஓட்டைக்கு எந்தத் திருகாணி என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மற்றபடி உலகத்தில் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "யோசிச்சுச் சொல்லுகேன்."

ஒரு மேஜை விசிறி வாங்க அவர் யோசித்து முடிப்பதற்குள் அந்த விசிறி செய்கிற கம்பெனியே மூடிவிட்டது. தங்கபாயைப் பெண் பார்க்கப் போனபோதும் காப்பியைக் குடித்து, பழத்தைத் தின்று, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தவர்தான். அடுத்த கிறிஸ்மஸ் வரை யோசித்தார். கடைசியில் பெண் வீட்டார் ஆள் அனுப்பி, "இன்னும் யோசிக்கணும்னா வேற வீட்டுல இருந்து யோசிக்கட்டு" என்று சொன்ன பிறகுதான் பயந்துபோய்ச் சரி என்றார். அந்த ஒரு வருஷத்தைத் தங்கபாய் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. குழம்பில் உப்பு குறைவு என்று அவர் சொன்னால்கூடப் பேச்சு அந்த வருஷத்தில்தான் போய் முட்டும்.

இப்படிப்பட்ட மனிதர் யோசிக்காமல் செய்த ஒரே காரியம், ஞாயிறுதோறும் சபையின் பாடகர் குழுவுக்கு ஹார்மோனியம் வாசிப்பது. வாலிபத்தில் யாரோ பிடித்து உட்கார வைத்தார்கள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பெட்டியின் முன்னால் இருக்கும்போது மட்டும் தானும் ஒரு ஆள்தான் என்று அவருக்குத் தோன்றும். தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து டிசம்பரில் அந்த இடத்துக்கே ஆபத்து வந்தது.

குழுவின் தலைவி சரசம்மா டீச்சர். கணீரென்ற குரல், குறை சொல்ல முடியாது. ஆனால் சரணத்துக்குச் சரணம் டீச்சரின் சுருதி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். கூடப் பாடுகிறவர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடத்தில் அவரிடம் பிரம்படி வாங்கியவர்கள். மறுபேச்சில்லாமல் அவர் பின்னாலேயே இறங்குவார்கள். ஹார்மோனியம் பாவம், தொடங்கிய இடத்திலேயே நிற்கும். நாலாவது சரணம் முடியும்போது பாட்டு ஒரு ஊரிலும் பெட்டி ஒரு ஊரிலுமாக இருக்கும். அந்த நேரம் பார்த்துப் போதகர் பலமாக இருமுவார். அவருக்கு நெஞ்சில் ஒரு கோளாறும் கிடையாது. காதுக்கு ஆகாததை மூடி மறைக்க வேறு வழி தெரியாமல் பழகிக்கொண்ட இருமல் அது.

டீச்சரிடம் யார் போய்ச் சொல்வது? "நேசையனுக்க பெட்டியாக்கும் சுருதி ஏறிப் போறது" என்று டீச்சரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். சபைக் கமிட்டி கூடியது. கிறிஸ்மஸுக்கு முன்னால் நேசையன் நல்ல கருவியாகப் பார்க்காவிட்டால் வெளியிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடுவது என்று முடிவாயிற்று. நேசையனுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் ஜெயனைப் பற்றிக் கேள்விப்பட்டார். திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டு பாடும் கானமேளாக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த பையன். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டதால் தன் பழைய சின்தசைசரை விற்கப் போகிறானாம். நேசையன் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார். இரண்டு பக்கமும் மரப்பலகை, முகம் நிறையக் குமிழ்கள், ஜெயனைவிட வயதில் மூத்த ஜப்பான் சாமான். சத்தம் எப்படி என்று அவர் கேட்கவே இல்லை. குனிந்து பின்பக்கத் திருகாணிகளைப் பார்த்தார். எல்லாம் துருப்பிடித்திருந்தன. மறுநாள் கடையிலிருந்து புதுத் திருகாணிகளோடு போய், ஒன்றுவிடாமல் மாற்றிக் கொடுத்தார்.

"அப்ப எடுத்துட்டீங்க, அல்லே அண்ணே?" என்றான் ஜெயன்.

"யோசிச்சுச் சொல்லுகேன்."

ஜெயன் நல்ல பையன். "வீட்டுக்குக் கொண்டு போய் வாசிச்சுப் பாருங்க. ஞாயித்துக்கிழம ஆராதன கழிஞ்சு நான் சர்ச்சுக்கு வாறேன். வேண்டாம்னா திருப்பி எடுத்துக்கிடுகேன்" என்று சொல்லி, ஆட்டோவில் ஏற்றித் தானே கொண்டுவந்து இறக்கியும் கொடுத்தான்.

வீட்டில் முதலில் அமுக்கிய பொத்தானிலேயே வினை. காற்று ஊளையிட்டது, இடி இடித்தது. தங்கபாய் கொல்லைக்கு ஓடி, காய்ந்துகொண்டிருந்த துணியையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். வெளியே வெயில் கொளுத்துகிறது. இடி வந்த இடம் தெரிந்ததும் ஈரத்துணியை அவர் தலையிலேயே போட்டாள்.

"இது சர்ச்சுல வாசிக்கதுக்கா, ஆளக் கொல்லதுக்கா?"

நேசையனுக்கு இரண்டாவது அபிப்பிராயம் தேவைப்பட்டது. கிழக்கேகோட்டை அக்கிரகாரத்தில் கல்யாணராமன் இருந்தார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கச்சேரி என்றால் முதல் வரிசை, சுருதி விலகினால் எழுந்து போய்விடுகிற காது. கடைக்குத் தாழ்ப்பாள் வாங்க வந்தவரைக் கெஞ்சிக் கூப்பிட்டு வந்தார். கல்யாணராமன் வழியில் தன் வீட்டிலிருந்து எடுத்துவந்த சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு, சின்தசைசரில் ஒரே கட்டையை அழுத்தச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டார். முதலில் தலையாட்டினார். தங்கபாய் காப்பி கொண்டுவந்தபோது ஆட்டம் நின்றிருந்தது. காப்பி குடித்து முடித்தபோது முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆகியிருந்தது.

"ஓய் நேசையன், தொட்டுப் பாரும். சூடாயிடுத்து. சூடாக ஆகச் சுருதி இறங்கறது. இறங்கிண்டே இருக்கு ஓய். இதை வாங்காதேயும்."

நல்ல யோசனைதான். ஆனால் யோசித்தே பழகிய நேசையன் இந்தத் தடவை மட்டும் அவசரப்பட்டிருந்தார். புதுக் கருவிதான் வந்துவிட்டதே என்று ஹார்மோனியத்தைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தார். பழுது பார்க்கிறவன் துருத்தியைக் கழற்றிப் போட்டிருக்கிறான், அடுத்த வாரம் வா என்கிறான். ஞாயிறோ நாளைக்கு. கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரும் வருகிற ஆராதனை. நேசையன் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"சூடானாத்தான இறங்கும்? சூடாகாம நான் பாத்துக்கிடுகேன்" என்றாள் தங்கபாய்.

மறுநாள் அவள் ஓலை விசிறியோடு வந்து சின்தசைசரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். போதகர் பிரசங்கம் செய்யச் செய்ய, அவள் பெட்டிக்கு விசிறிக்கொண்டே இருந்தாள். கமிட்டித் தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அந்தக் காற்றையே பொறாமையோடு பார்த்தார். பிரசங்கம் முடிந்தது. நேசையன் குமிழைத் திருகிச் சுருதியைச் சரிசெய்தார். "எல்லாரும் எழுந்து நிற்போம்" என்றார் போதகர். தங்கபாய்க்கும் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. விசிறி நின்றது.

முதல் சரணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் டீச்சர் வழக்கம்போல் ஒரு படி இறங்கினார். குழுவும் இறங்கியது. நேசையன் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், தோசைக்கல்லாகக் கொதித்தது. தீர்ந்தது கதை என்று நினைத்தார். மூன்றாவது சரணத்தில் டீச்சர் இன்னும் இறங்கினார். அப்போதுதான் நேசையனின் காதுக்கு ஏதோ புதிதாகக் கேட்டது. பெட்டியும் இறங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் இறங்க இறங்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே படியிறங்குகிற மாதிரி, அதே அளவில், அதே நிதானத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

நாலாவது சரணம் முடிந்தது. பாட்டும் பெட்டியும் ஒரே இடத்தில் வந்து நின்றன. இருமுவதற்காக மூச்சை இழுத்து வைத்திருந்த போதகர், மறைப்பதற்கு ஒன்றும் இல்லாமல், அந்த மூச்சை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தார்.

சரசம்மா டீச்சர் திரும்பிப் பார்த்தார். "இப்பமாக்கும் நேசையன் வாசிக்கப் படிச்சிருக்கது."

இத்தனை வருஷமும் தப்பில்லாமல் வாசித்த மனிதருக்கு நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலை மீறிச் சந்தோஷமும் வந்தது. இடம் போகவில்லை, அது போதும் என்று நினைத்தார்.

வாசலில் ஜெயன் ஆட்டோவோடு நின்றிருந்தான். தலையைச் சொறிந்தான். "அண்ணே, மறச்சு விக்கப்பிடாதுல்லா. ஒரு கொறை உண்டு. சூடானா சுருதி கொஞ்சம் இறங்கும். பட்சே, மத்தபடி நல்ல சாமான்..."

"அதுக்குத்தான் வாங்குகேன்" என்றார் நேசையன். யோசிக்கவே இல்லை.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது பெட்டி இரண்டு பேர் மடியிலும் குறுக்கே கிடந்தது. ஆட்டோ பாளையம் தாண்டியது. தங்கபாய் சொன்னாள். "என்னப் பாத்துட்டு ஒரு வருஷம் யோசிச்சீங்க. இதுக்கு ஒரு பாட்டுதான் வேண்டியிருந்துது."

நேசையன் பெட்டியின் மரப்பலகையைத் தடவிக்கொண்டே இருந்தார். "நீ சூடானா இறங்கமாட்டியே. அந்தப் பயத்துல யோசிச்சேன்."

விசிறிக் காம்பால் அவர் முழங்காலில் ஒன்று போட்டாள் தங்கபாய். அப்புறம், வெயில் ஏறிவிட்டதே என்று, மடியில் கிடந்த பெட்டிக்கு விசிற ஆரம்பித்தாள். நேசையன் அவள் கையைப் பிடித்தார்.

"விசிறாண்டாம். அது சூடாவே இருக்கட்டு."