பூஜ்யம் வாங்கிய மூன்று அட்டைகள்

அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த மூன்று அட்டைகளும் கணக்கில் சேர்ந்திருக்கும். சொல்லவில்லை. இத்தனை நாள் இதை யாரிடமும் விவரமாகப் பேசியதும் இல்லை... இன்று எழுதலாம் என்று தோன்றுகிறது.

அப்போது ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். செக்கிங் மேசை. தைத்து வரும் டி-ஷர்ட்டுகளை ட்யூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்... எது கண்ணில் பட்டாலும் அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். ஒவ்வொரு முறையும் தாளில் இருந்து உரித்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. அதனால் பத்துப் பதினைந்து அம்புகளை இடது புறங்கையில் வரிசையாக ஒட்டிக்கொள்வோம். கண் துணியில் இருக்கும், விரல் தானாகப் புறங்கைக்குப் போகும்.

கல்லூரியில் என்.சி.சி.யில் ஒரே ஒரு முறை துப்பாக்கி சுட்டிருந்தேன். அது மனதை விட்டுப் போகவில்லை. சம்பளம் வர ஆரம்பித்ததும் ஊருக்கு வெளியே இருந்த ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து உறுப்பினர் கார்டு வாங்கினேன். ஞாயிறுதோறும் கிளப்பின் ஏர் ரைஃபிளில் பயிற்சி.

அப்பா கட்டிங் மாஸ்டர். அளவு பிசகாத மனிதர். அவருக்கு இது பிடிபடவே இல்லை.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு சாமி துப்பாக்கி? யாரச் சுடப் போற?"

"அட்டையச் சுடறனுங்கப்பா."

"நக்கலு... ஒரே ஒரு போட்டிக்குப் போய்ட்டு வா. அடுத்த கட்டத்துக்குத் தேறினா உன்ற இஷ்டம். தேறலீன்னா அன்னியோட அதைய மறந்துறோணும்."

போட்டி கோயம்புத்தூரில், ஞாயிறு மதியம். ஷிப்மென்ட் அவசரம் என்று அன்று காலையும் அரை ஷிஃப்ட் வைத்துவிட்டார்கள். கிளம்பும்போது பக்கத்து மேசை சரசக்கா விடவில்லை.

"ஏங்கண்ணு, அங்க போயும் ஓட்டையத்தான எண்ணப் போற? இங்கயே இருந்து எண்ணு, ஓ.டி.யாச்சும் கெடைக்கும்."

சிரித்துக்கொண்டே ஓடிப்போய் பஸ் பிடித்தேன். கை கழுவக்கூட நேரமில்லை.

பத்து மீட்டர். நாற்பது அட்டைகள், அட்டைக்கு ஒரு குண்டு. சுட்டதும் கம்பியில் மாட்டிய அட்டையை மோட்டார் நம்மிடம் இழுத்து வரும். அதைக் கழற்றி வைத்துவிட்டுப் புது அட்டை மாட்ட வேண்டும். முதல் அட்டை ஆடி ஆடி வந்தது. ஓட்டையைப் பார்த்தேன். அடுத்தது. அதற்கடுத்தது. நான்காவது அட்டையை மாட்டப் போகும்போது நடுவர் என் பக்கத்தில் வந்து நின்றார். கையில் என் மூன்று அட்டைகள்.

மூன்றிலும் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு.

காலை வேலையில் புறங்கையில் மிஞ்சிய மூன்று அம்புகள்... எப்போது ஒட்டினேன் என்று இன்று வரை நினைவில்லை.

"என்னம்மா இது?"

"அம்புங்க சார்... ஓட்டை இருக்கற எடத்தக் காட்டறதுக்கு."

"ஏன், எங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா?"

பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் குரல் கொடுத்தான். "பனியன் கம்பெனில இருந்து க்யூ.சி. வந்திருக்குது டோய்! எல்லாரும் ஒழுங்காச் சுடுங்க!"

அரங்கமே சிரித்தது.

"கைப் பழக்கத்துல ஒட்டிட்டனுங்க சார். ஓட்டை மேல ஒட்டலீங்க, பாருங்க, பக்கத்துலதான்."

"அட்டையில பேனாக் கோடுகூட விழக்கூடாது, அது ரூல். சரி, மொதத் தடவைங்கறதால விடறேன். பனியன் கம்பெனிப் புத்தியை இங்க கொண்டாந்ததுக்கு எல்லார் முன்னாலயும் ஒரு மன்னிப்புக் கேட்டுரு."

ரூலை மீறியதற்கு என்றால் கேட்டிருப்பேன். அவர் கேட்டது அதற்கு இல்லை.

"ரூல் தெரியாதது என்ற தப்புங்க சார். கம்பெனிப் புத்தில என்னங்க தப்பு?"

"அப்ப மூணும் பூஜ்யம்."

"போட்டுக்குங்க."

திரும்பி நின்று துப்பாக்கியை எடுத்தேன். முகம் எரிந்தது. மூச்சை இழுத்து, பாதியை விட்டு, மீதியை நிறுத்தினேன். அந்த இடைவெளியில் சிரிப்பு இல்லை, நடுவர் இல்லை, அப்பாவின் நிபந்தனை இல்லை. கறுப்பு வட்டமும் நானும் மட்டும். அட்டை வந்தபோது நடுப்புள்ளியைக் காணவில்லை, அது இருந்த இடத்தில் ஓட்டை. பத்து.

நாளெல்லாம் ஓட்டை தேடித் தேடி ரிஜக்ட் பெட்டியில் போட்டவள் நான். ஒரு ஓட்டையைப் பார்த்து நெஞ்சு நிறைந்தது அன்றுதான் முதல் முறை. மீதியிருந்த குண்டுகள் எப்போது தீர்ந்தன என்றே தெரியவில்லை. இன்னும் நாற்பது கொடுத்திருந்தாலும் சுட்டிருப்பேன்.

அடுத்த கட்டத்துக்குத் தேறப் பதினோரு புள்ளி குறைந்தது. பூஜ்யம் போட்ட அட்டைகளில் இருந்தவை எட்டு, ஒன்பது, ஏழு. பஸ்ஸில் வரும்போது கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது நான் போகும் போட்டிகளில் அட்டையே கிடையாது. சுட்டவுடன் பக்கத்துத் திரையில் எண் வந்துவிடுகிறது. வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் கம்பியில் ஆடி ஆடி ஒரு அட்டை நம்மை நோக்கி வரும் அந்தச் சில நொடிகள்... அவை இப்போது இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்டார்.

"தேறினயா சாமி?"

"இல்லீங்கப்பா."

"சரி உடு. கெளப்புக் கார்டைத் திருப்பிக் குடுத்துரு."

"குடுக்க மாட்டனுங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "பேசுன பேச்சு?"

"தோத்ததுக்கு அப்பறந்தானுங்கப்பா அது எனக்கு வேணும்னே தெரிஞ்சுது."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார்.

அடுத்த ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் கிளப்புக்குப் போனேன். அப்பா தீபாவளி வரை என்னிடம் பேசவில்லை.