வலப்பக்கத்துப் பொட்டு

என் கழுத்தில் தாலி ஏறியபோது கூடவே இன்னொருத்தியும் ஏறிக்கொண்டாள்.

அறுபதுகளின் நடுவில், காரைக்குடிக்குப் பக்கத்தில் வயல் வைத்திருந்த ஒரு சம்சாரி வீட்டுக்கு நான் இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டேன். முதல் தாரம் பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள். போனவள் மனம் நோகக்கூடாது என்று அவள் தாலியை உருக்கி ஒரு பொட்டுச் செய்து, புதிதாக வருகிறவளின் பொட்டோடு ஒரே கயிற்றில் கோத்துக் கட்டுவது அந்த வீட்டு வழக்கம். மூத்தாள் பொட்டு என்பார்கள். ஆசாரி இரண்டையும் ஒரே அச்சில் செய்திருந்தார். மூத்தவள் வலப்பக்கம், நான் இடப்பக்கம். அதைத் தவிர வேறு அடையாளம் கிடையாது.

"ஒத்தக் கழுத்துல ரெண்டு குடித்தனம்" என்று ஊருணியில் பெண்கள் கேலி செய்வார்கள். எனக்குப் பயமாக இல்லை, எரிச்சலாக இருந்தது. செத்தும் இடம் விடமாட்டாளா ஒருத்தி?

நாட்டரசன்கோட்டையில் இருந்த அவளுடைய அம்மா பொங்கலுக்கும் ஆடிக்கும் பஸ் ஏறி வந்துவிடுவார். மகள் இடத்துக்கு வந்தவளை மகளாகவே நினைப்பது முறை என்பதால் நானும் அவரை ஆத்தா என்றுதான் கூப்பிட்டேன். மஞ்சள் பையில் பொங்கலுக்குப் பனங்கிழங்கு, ஆடிக்குச் சுட்ட பனம்பழம் இருக்கும். எனக்கு அந்தப் பனை வாசனையே ஆகாது. அதைவிட ஆகாதது, அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். கண் என் தொண்டைக்குக் கீழே, வலப்பக்கத்தில் நிற்கும்.

"மெலிஞ்சுட்டியே தாயி. வெந்நீர்ல குளிக்கிறியா? ஒனக்குத்தான் சளி பிடிச்சுக்கிருமே."

எனக்கு எந்தக் காலத்திலும் சளி பிடித்ததில்லை. ஒருமுறை வாசலில் நான் போட்ட கோலத்தைப் பார்த்துவிட்டு என் மாமியாரிடம் சொன்னார்: "எம் மக இப்புடி முடிக்க மாட்டா. ஒரு மூலையில கம்பியச் சேக்காம விட்ருவா. சேத்துட்டா எல்லாம் முடிஞ்சு போன மாதிரி இருக்குன்னு சொல்லுவா."

மூன்றாவது வருஷம் ஆடிப்பெருக்கு. தாலிக்கயிறு மாற்றும் நாள். வெறுங்கழுத்தாக இருக்கக்கூடாது என்பதால் புதுக்கயிற்றைக் கட்டிக்கொண்ட பிறகுதான் பழையதிலிருந்து ஒவ்வொரு பொட்டாகக் கழற்றிக் கோக்க வேண்டும். ஊருணிப் படியில் உட்கார்ந்து, புதுக்கயிற்றுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன். அதற்குள் பழைய கயிறு இற்று அறுந்துவிட்டது. இரண்டு பொட்டும் மடியில் விழுந்து ஒன்றாகக் கிடந்தன.

கையில் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"அத்தே, கயிறு அறுந்துபோச்சு. எது யாருதுன்னு தெரியல."

"அறுந்துச்சுன்னு சொல்லாதடி, பெருகிருச்சுன்னு சொல்லு" என்று முதலில் என் வாயை அடைத்தார். பிறகு இரண்டையும் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார். கடைசியில் ஒன்றை வலப்பக்கமும் ஒன்றை இடப்பக்கமுமாகக் கோத்து அவரே என் கழுத்தில் கட்டினார்.

"யார்ட்டயும் மூச்சு விடாத. அவ பொருளு எங்குட்டு இருக்குன்னு அவளுக்குத் தெரியும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அன்றுவரை அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இனிமேல் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆடி முடிவதற்குள் ஆத்தா வந்தார். வழக்கம்போல் வலப்பக்கம் பார்த்து, "தாயி" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்கிறவர் போல இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். கிளம்பும்போது முதல் தடவையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அவர் கொண்டுவந்த பனம்பழம் அன்று சாயங்காலத்துக்குள் தீர்ந்திருந்தது. தின்றது நான்தான். நார் பல்லில் சிக்கிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் என் வீட்டுக்காரர் வயலுக்குக் கிளம்பியவர், வாசலில் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை.

"அந்த மூலையச் சேத்துவிடு" என்றார். குரல் அவருடையதாக இல்லை.

எட்டிப் பார்த்தேன். கோலத்தில் ஒரு மூலை திறந்து கிடந்தது. முடித்துவிட்டுத்தான் எழுந்தேன் என்று சத்தியம் செய்திருப்பேன். ஓடிப்போய்ச் சேர்த்தேன். மறுநாளும் அதே மூலை. வீம்புக்கு இரண்டு முறை இழுத்துச் சேர்த்துவிட்டு எழுந்தாலும், விடிந்து பார்த்தால் ஒரு விரற்கடை விட்டுப்போயிருக்கும். கண்ணாடி பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். நெற்றியில் குங்குமம் வைக்கும்போது கண்ணாடியில் இருப்பவள் நானா என்று கேட்கத் தோன்றும். யாரிடம் கேட்பது? மார்கழியில் எனக்குச் சளி பிடித்தது.

பிள்ளை உண்டானபோது செத்தேன் என்றே நினைத்தேன். பிரசவத்தில் போனவள் என் கழுத்தில் இருக்கிறாளே! வலி கண்ட அன்று இரண்டு பொட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கத்தினேன். பெண் பிறந்தாள், நானும் பிழைத்தேன். யார் காப்பாற்றியது என்று கேட்டுக்கொள்ளவில்லை. அதிலிருந்து கோலத்தின் மூலையோடு மல்லுக்கு நிற்பதையும் விட்டுவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில், ஒரு காய்ச்சலில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். கருமாதியன்று என்னை உட்கார வைத்துத் தாலி வாங்கினார்கள். என் பொட்டு பால் சொம்புக்குள் போக வேண்டும். மூத்தவள் சுமங்கலியாகப் போனவள், அவள் பொட்டு பாலில் விழக்கூடாது, பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். கைம்பெண்ணான உறவுக்காரக் கிழவி ஒருத்தி என் இடப்பக்கத்துப் பொட்டைத் தொட்டார். அதுதான் முறைப்படி என்னுடையது. மாறியிருந்தால், பூவும் மஞ்சளுமாகப் போனவளை நாங்களே கைம்பெண்ணாக்குகிறோம். வாய் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மாமியாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

கூட்டத்துக்குள்ளிருந்து ஆத்தாவின் கை வந்து கிழவியின் கையைப் பிடித்தது.

"அத விடுங்க. அது எம் மக."

"மூத்தவளுக்கு வலப்பக்கம்ல?"

"எம் மக எங்குட்டு இருக்கான்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

கிழவி கையை மாற்றினார். வலப்பக்கத்துப் பொட்டு பாலில் விழுந்தது. இடப்பக்கத்துப் பொட்டை ஆத்தா உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். வாசல்படி இறங்கும்போது, மூடிய கையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார்: "வா தாயி, நம்ம வீட்டுக்குப் போவோம்." என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தாலி அறுத்தவள் வாசலில் கோலம் போடக்கூடாதாம். சரி, வாசலில்தானே? சில நாள் கழித்து, விடிந்ததும் உள்முற்றத்தில் போட்டேன். போட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தேன். எல்லா மூலையும் சேர்ந்திருந்தது.

அழிக்காமல் அங்கேயே உட்கார்ந்து, என் வீட்டுக்காரருக்காகக்கூட அப்படி அழாத அழுகையை அவளுக்காக அழுதேன்.