பணிஸுக்கு மூன்று சட்டம்

எங்கள் வீட்டுக்கு நாய்க்குட்டி வருவதற்கு முன்பே அதற்கான சட்டங்கள் வந்துவிட்டன. போட்டது அம்மா.

நமுனுகுல மலைக்குக் கீழே நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுடையது கடைசிக் காம்பரா, அதற்கு முந்தியது சித்தியுடையது. அம்மா கொழுந்து பறிக்கப் போவாள், அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது. நாய் வேண்டும் என்று இரண்டு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் "நமக்கே எடம் இல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற அம்மா, அந்த வருடம் டிசம்பர் லீவு விட்ட அன்று, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "ஒரு குட்டி கொண்டாரச் சொல்லு அப்பாவ" என்றாள். ஏன் இந்த மனமாற்றம் என்று நான் யோசிக்கவில்லை. கேட்டது கிடைக்கிற நேரத்தில் காரணம் விசாரிக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

குட்டி வர ஒரு வாரம் ஆனது. அதற்குள் நான் பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கடையில் கெஞ்சி வாங்கி, அப்பாவின் கிழிந்த ஸ்வெட்டரை அதில் விரித்தேன். காலிப் பால்மா டின் தண்ணீர்ப் பாத்திரம் ஆனது. கழுத்துப்பட்டிக்கு என் பழைய ஸ்கூல் டை. அந்த டையை ஒரு நாயாவது ஒழுங்காகக் கட்டட்டும் என்றாள் சித்தி.

சட்டங்கள் மூன்று. குட்டி அடுப்படிக்குள் வரக்கூடாது, அது ஒன்று. யார் சோறு வைத்தாலும் சாப்பிட வேண்டும், ஒரே ஆள் கைக்குப் பழகக்கூடாது, அது இரண்டு. மூன்றாவதைச் சொல்லும்போது அம்மா செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினாள்.

"நான் போனா போனதுதான். பின்னாலயே ஓடி வரக்கூடாது. நிக்கிற எடத்துலயே நிக்கணும். ஒரு தடவ வந்துச்சின்னாலும் திருப்பி அனுப்பிருவேன். பொங்கலுக்குள்ள பழக்கிரு."

காரணம் எனக்கே தெரியும். மலை ஓரங்களில் காட்டுப் பன்றிக்குக் கம்பிச் சுருக்கு வைத்திருப்பார்கள். மேல் லயத்து நாய் ஒன்று தன் வீட்டுக்காரிக்குப் பின்னால் மலைக்குப் போய், மூன்று காலோடு திரும்பி வந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம்.

ஹாலிஎலயில் ஒரு பேக்கரிக்குப் பின்னால் பிறந்த குட்டியை அப்பா சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். பழுப்பு நிறம், உப்பிய வயிறு, வாயில் பாண் வாசனை. பாணோடு அடுக்கி விற்கிற இனிப்பு பன்னின் பெயரையே, பணிஸ் என்று வைத்தேன். பேக்கரிக் குட்டிக்கு வேறென்ன பெயர் வைப்பது?

முதல் இரண்டு சட்டங்கள் ஒரு வாரத்தில் முடிந்தன. அடுப்படியில் ஒருமுறை மூக்கைச் சுட்டுக்கொண்டதும் முதலாவதை அவனே கற்றுக்கொண்டான். இரண்டாவதற்குப் பாடமே தேவைப்படவில்லை. சாப்பாடு விஷயத்தில் பணிஸுக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது. அந்தச் சட்டத்தை அம்மா எனக்கும் சேர்த்தே அமுல்படுத்தினாள். ராத்திரிச் சாப்பாடு அடிக்கடி சித்தி வீட்டில் என்றானது. என் தலையையும் அம்மாவுக்குப் பதிலாகச் சித்தி வாரத் தொடங்கினாள். சித்தி வாரினால் கண்ணில் தண்ணீர் வரும். அம்மாவிடம் முறையிட்டேன். "பழகிரும்" என்றாள்.

மூன்றாவதுதான் பெரும்பாடு. காலையில் பெரட்டுக்கு, அதாவது அன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று பெயர் கூப்பிட்டுப் பிரிக்கிற இடத்துக்கு, அம்மா கிளம்பியதும் பணிஸ் ஊளையிட்டுக்கொண்டு பின்னால் ஓடுவான். நான் துரத்திப் பிடித்து வருவேன். கட்டிப் போட்டால் டையைக் கடித்தான். அதட்டினால் விளையாட்டு என்று நினைத்தான்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு விநோதமாகப் பட்டது. அதே அம்மா பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் இவன் தலையைக்கூடத் தூக்குவதில்லை. கடைக்குப் போனாலும் அப்படியே. மலைக்குப் போகும்போது மட்டும் எப்படித் தெரிகிறது? ஒரு பழைய கொப்பியை எடுத்து எழுத ஆரம்பித்தேன். செருப்புச் சத்தமா? இல்லை. நேரமா? இல்லை, ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தில் தூங்கினான். கூடையா? வெறும் கூடையைத் தூக்கிக் காட்டினேன், கொட்டாவி விட்டான். கடைசியில் அம்மாவின் படங்கை எடுத்து என் இடுப்பில் சுற்றினேன். தேயிலைச் செடி குத்தாமல், ஈரம் ஏறாமல் இருக்கப் பெண்கள் சேலைக்கு மேல் கட்டிக்கொள்கிற தடித்த துணிதான் படங்கு. கட்டி முடிப்பதற்குள் பணிஸ் துள்ளி எழுந்துவிட்டான்.

கண்டுபிடித்துவிட்டேன்! அவன் போனது அம்மாவுக்குப் பின்னால் இல்லை, படங்குக்குப் பின்னால். உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும் என்பதால் அப்பாவைப் பிடித்தேன். ஃபேக்டரிக்காரர், மீசை வைத்தவர், இடுப்பில் படங்கோடு லயத்து வாசலில் நடந்தார். பணிஸ் வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். பன்னிரண்டு காம்பராவும் வெளியே வந்து சிரித்தது. "நாளைக்கு நீங்களே பெரட்டுக்குப் போங்க" என்றாள் அம்மா. அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. படங்கைக் கட்டிக்கொண்டு வாசலிலிருந்து நாலு அடி நடப்பேன். திரும்பி "இரு" என்பேன். இருந்தால் ஒரு துண்டு பாண். பிறகு பத்து அடி, பிறகு பீலி வரை, பிறகு ரோடு வளைகிற இடம் வரை. மழையிலும் மூடுபனியிலும் நடந்தேன். பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அம்மா பெரட்டுக்குக் கிளம்பினாள். பணிஸ் வாசலில் உட்கார்ந்து, அவள் வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோழியைத் துரத்தப் போய்விட்டான்.

சாயந்தரம் அம்மா கேட்டாள். "நான் போனப்புறம் ரொம்ப நேரம் தேடுச்சா?"

"இல்லம்மா. நீ வளைவு திரும்புற வரைக்குந்தான். அப்புறம் மறந்துட்டு வெளையாடப் போயிருச்சு."

"நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். பாராட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்த எனக்குச் சப்பென்று ஆனது.

பொங்கல் முடிந்த அடுத்த வாரம் அம்மா கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. ஏதோ பேப்பர் வேலை, நாலு நாளில் வந்துவிடுவேன் என்றாள். ஏற்கெனவே இரண்டு தடவை பதுளைக்குப் போய் ஃபோட்டோ எடுத்து வந்திருந்தாள். இரண்டாவது தடவை நான் ஸ்கூலுக்குப் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி சப்பாத்து வாங்கி வந்தாள். நாலு விரல் உள்ளே போகிற அளவுக்குப் பெரிது. அளவு தெரியாமல் வாங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

அன்று காலையில் நீலச் சேலை, புதுப் பேக். அப்பாவும் கூடப் போகிறார். கீழே ரோட்டில் ஆட்டோ காத்திருந்தது, அதில் பஸ் நிற்கும் இடம் வரை போக வேண்டும். சித்தி திருநீறு பூசி விட்டாள். அம்மா என்னைப் பார்க்காமல் பேக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீயும் பணிஸும் வாசல்லயே நில்லுங்க. ரெண்டு பேரும் பின்னால வரக்கூடாது."

"நாங்க வரமாட்டோம்" என்று இருவர் சார்பிலும் பெருமையாக வாக்குக் கொடுத்தேன்.

அம்மா நடந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் "இரு" என்றேன். பணிஸ் ஒரு நிமிடம் இருந்தான். அம்மாவின் இடுப்பைப் பார்த்தான். படங்கு இல்லை. படங்கு இல்லாவிட்டால் சட்டமும் இல்லை என்று முடிவு செய்தவன் போல ஒரே பாய்ச்சல்.

"இரு! இரு!" என்று கத்தினேன். அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ஓடிப் பிடித்திருக்கலாம். ஆனால் நிற்கிற இடத்தில் நிற்கச் சொல்லியிருந்தாள், அதனால் நின்றேன். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் பணிஸ் சேலைத் தலைப்பைக் கவ்வினான். எல்லாம் போச்சு, நாளைக்கே பேக்கரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. லயமே கேட்கும்படி அழுதேன்.

அம்மா திரும்பினாள். பணிஸைத் தூக்கினாள். அப்பா ஏதோ சொன்னார், அதைக் கேட்காமல் மேட்டில் ஏறி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஐயோ அக்கா, பயணம் கெளம்பிட்டுத் திரும்பி வரலாமா?" சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். "சரி, உக்காரு. உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு மறுபடி கெளம்பு."

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். கிளம்பியவர் திரும்பி வந்தால் அந்தப் பயணம் கெட்டுப் போகும். உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் அது புதுப் பயணம் ஆகிவிடும். அம்மா படியில் உட்கார்ந்தாள். சித்தி டம்ளரைக் கொடுத்தாள்.

நான் பணிஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வழக்காடினேன். "இது அதோட தப்பு இல்லம்மா. நான் படங்குக்குத்தான் பழக்கினேன், சேலைக்குப் பழக்கல. அனுப்பிராதம்மா. நீ வர்றதுக்குள்ள பழக்கிருவேன்."

அம்மா ஒரு வாய் குடித்தாள். "எத்தன நாளு வேணும்?"

"நாலு நாளு போதும்."

"அனுப்ப மாட்டேன்" என்றாள். இன்னொரு வாய் குடித்தாள். என் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். மறுபடி டம்ளரை உதட்டில் வைத்தாள்.

சித்தியின் சேலையை வாங்கி, நாலே நாளில் பணிஸைப் பழக்கினேன். ஐந்தாவது நாள், அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று இருவரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அன்று சாயந்தரம் அப்பா மட்டும் கொழும்பிலிருந்து வந்தார். அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போய்விட்டதை அப்போதுதான் சொன்னார். அவள் திரும்பி வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. அந்தச் சப்பாத்து எனக்குச் சரியாகி, கடிக்க ஆரம்பித்து, தேய்ந்தும் போயிருந்தது. பணிஸ் அம்மாவைப் பார்த்துக் குரைத்தான்.

இப்போதும் யாராவது அவசரமாகத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால் எனக்கு அந்த டம்ளர் ஞாபகம் வரும். அதில் இருந்தது பாதித் தண்ணீர்தான். ஒரே மடக்கில் குடித்துவிடலாம். அதை அம்மா என்னைப் பார்த்தபடி, சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்தாள். கீழே ஆட்டோக்காரர் ஹோன் அடித்தார். அப்பாவும் சித்தியும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"சீக்கிரம் குடிம்மா, பஸ் போயிரும்" என்றது நான்தான்.